ஆண்டு விழா முடிந்த மறுநாள் பள்ளி மேடையில் என்ன மிஞ்சுகிறது?

சேலத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் பள்ளி ஆண்டு விழாக்களின் காலம். விளக்கு, ஒலிபெருக்கி, திரை, உடை, ஒப்பனைப் பெட்டி எல்லாம் வாடகைக்கு வந்து இறங்குகின்றன. நிகழ்ச்சி முடிந்த கையோடு மினி லாரியில் ஏறிப் போய்விடுகின்றன. மறுநாள் காலையில் அரங்கத்தில் கிடப்பவை காகிதப் பூக்களும் தெர்மாகோல் துண்டுகளும்தான். அடுத்த ஆண்டும் அதே வாடகை, அதே லாரி. பல ஆண்டுகளாக விடாமல் நாடகம் போடும் பள்ளிகளில்கூட, சொந்தமாக ஒரு நல்ல மேடை விளக்கு இருப்பதில்லை.

பள்ளிகளில் நாடகப் பயிற்சி அளிப்பதும் மேடை நிர்வாகம் பார்ப்பதும் என் தொழில். சூரமங்கலம், அம்மாப்பேட்டை, ஓமலூர், ஏற்காடு என்று அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றிலும் வேலை பார்க்கிறேன். போகிற இடமெல்லாம் முதலில் காதில் விழுவது, "நாடகத்துக்குப் பணம் இல்லை சார்" என்பதுதான். கணக்கை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பணம் இருந்திருக்கிறது. ஒரே மாலையில் அது முழுவதும் வாடகையாகப் போயிருக்கிறது.

ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40,000 ரூபாயாவது பள்ளியிலேயே தங்கும் பொருளாகவோ, மாணவர்களிடம் தங்கும் பயிற்சியாகவோ மாற வேண்டும் என்று நான் கேட்கிறேன். மீதிப் பணத்தில் விழா கொஞ்சம் எளிமையாக நடக்கும். நடக்கட்டும். முதல் ஆண்டில் மின் இணைப்பும் பூட்டுள்ள பீரோவும், இரண்டாம் ஆண்டில் ஆறு விளக்குகள், மூன்றாம் ஆண்டில் திரைச்சீலை என்று போனால், ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் அந்தப் பள்ளிக்கு ஒரு மேடை அமைந்துவிடும்.

இது சேலத்துக்குப் புதிய பாடம் அல்ல. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்பட நிறுவனம், ஏற்காடு சாலையில் ஒரே வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளத்தையும் தொழில்நுட்பப் பிரிவுகளையும் வைத்துக்கொண்டு நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. கருவிகளும் ஆட்களும் கையருகே இருந்ததும், செலவிலும் நேரத்திலும் சுந்தரம் காட்டிய கண்டிப்பும்தான் அதைச் சாத்தியமாக்கின. அந்த நிறுவனத்தின் அலங்கார நுழைவு வளைவைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, தங்கள் மேடையில் ஒரு விளக்குகூடச் சொந்தமில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் செலவு மின் இணைப்பு என்று சொன்னதும் நிர்வாகிகளின் முகம் வாடிவிடும். பார்வையாளர் கண்ணில் படாத செலவு அது. ஆனால் என் வேலையில் நான் மிக அதிகமாகப் பயப்படுவது அதற்குத்தான். வாடகைக்கு வரும் பழைய ஹாலஜன் பார் (PAR) விளக்கு, அதாவது மேடைமேல் ஒளியைக் குவிக்கும் விளக்கு, ஒன்று 1,000 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். அப்படிப் பன்னிரண்டு விளக்குகள் என்றால் 52 ஆம்பியர். நம் பள்ளி அரங்கங்கள் பலவற்றில் ஓடும் கம்பி, சில மின்விசிறிகளுக்கும் டியூப் லைட்டுகளுக்கும் போடப்பட்டது. அதில் இவ்வளவு சுமையை ஏற்றி, உருகாமல் இருக்க ஃபியூஸில் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பக்கத்திலேயே பஞ்சுத் திரை, சரிகை உடை, பந்தல் துணி. மேடை ஓரத்தில் அறுபது பிள்ளைகள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அந்தத் தீ மேடையில் தொடங்கியது அல்ல, சமையல் கூடத்தில் தொடங்கியது. ஆனாலும் பிள்ளைகள் கூடும் இடத்தில் கீற்றும் துணியும் குறுகிய வழியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, அரசு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து அரங்கத்தின் மின்சுமையைக் கணக்கிடச் சொல்லுங்கள். மேடைக்கென்று, சுமை கூடினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச், சரியான எர்த் ஆகியவை கட்டாயம். நிகழ்ச்சி நடக்கும்போது எந்தக் கதவிலும் பூட்டோ சங்கிலியோ இருக்கக் கூடாது. மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதற்கான தீயணைப்புக் கருவி மேடையின் இரு பக்கமும் இருக்க வேண்டும், அதை இயக்க இரண்டு ஆசிரியர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். காட்சிக்குள் கற்பூரமோ மெழுகுவத்தியோ தீப்பந்தமோ வேண்டாம். இயக்குநர் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம்.

எல்இடி பார் விளக்கு 150 முதல் 200 வாட்டுக்குள் வேலையை முடித்துவிடுகிறது. பன்னிரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து, பழைய ஹாலஜன் விளக்குகள் இரண்டு அல்லது மூன்று இழுக்கும் மின்சாரம் போதும். சூடும் குறைவு, நிறத்தாள் ஒட்டும் வேலையும் இல்லை. பாதுகாப்புக்கும் பணத்துக்கும் ஒருசேர நன்மை தரும் பொருள் மேடையில் இதைப்போல் வேறில்லை. முதலில் ஆறு வாங்கினால் போதும்.

ஒலி விஷயத்தில் என் கருத்து வேறு. கார்டுலெஸ் மைக் வாங்குவதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். முந்நூறு பேர் அமரும் அரங்கில், மின்விசிறியைக் குறைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மூன்று வாரம் குரல் பயிற்சி கொடுத்தால் கடைசி வரிசைவரை கேட்கும். மைக்கை வாங்கிப் பிள்ளையின் உடையில் மாட்டிவிட்டால் குரல் வளர்வதே இல்லை. அப்படியும் வாடகை மைக்தான் என்றால், பெண் பிள்ளைகளின் உடையில் அதைப் பொருத்துவது ஓர் ஆசிரியையோ, பயிற்சி பெற்ற மாணவியோ ஆக இருக்க வேண்டும். வாடகைக்கு வந்த ஒலிப்பணியாளர் ஒப்பனை அறைக்குள் போகக் கூடாது. அந்த அறைக்குள் கைபேசியும் போகக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் எழுதிக் கதவில் ஒட்டிவைக்கும்வரை நான் ஒத்திகையைத் தொடங்குவதில்லை.

வாங்கிய பொருளைக் காப்பாற்றுவது நிர்வாகத்தின் பாதி. இருப்புப் பதிவேட்டில் பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பதிவேட்டை ஆசிரியரிடம் கொடுக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரை மேடை மேலாளராக்கி அவரிடம் கொடுங்கள். எந்த வசனத்தில் எந்த விளக்கு, எந்தக் காட்சியில் யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது என்பதையெல்லாம் குறித்த மேடைப் பிரதியும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நாடகம் தொடங்கிய பிறகு அவர் சொல்வதுதான் சட்டம், தலைமையாசிரியருக்கும் சேர்த்து. நடிப்பில் கூச்சப்படும் பிள்ளைகள் இந்த வேலையில் மலர்வதைத் தொடர்ந்து பார்க்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி, விளக்குப் பலகையின் முன் உட்கார்ந்து நாற்பது பேரைத் தன் சைகையில் இயக்குவாள். நாடகத்துக்குப் பணம் செலவழிப்பதை நியாயப்படுத்த எனக்கு இது ஒன்றே போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வு ஆண்டில் முக்கிய வேடங்களில் போட்டு அலைக்கழிக்காமல், எட்டு, ஒன்பதாம் வகுப்புகளை நம்பித் திட்டமிடுவது நல்லது.

இனி வரவு. நம் ஊரில் கொடுக்கும் கை குறைவில்லை. கோயில் டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதியிருக்கும். செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர், ஜவ்வரிசி ஆலை நடத்துபவர், இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்பவர், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் என்று யாரிடம் போனாலும், "ஆண்டு விழாவுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் ஐயா" என்று கேட்டால் பரிசுக் கோப்பை வாங்கிக் கொடுப்பார்கள். "இந்த விளக்கு ஒன்றின் விலை இவ்வளவு, உங்கள் தாயார் நினைவாக இரண்டு வாங்கித் தாருங்கள்" என்று விலைப்பட்டியலோடு கேளுங்கள். விளக்கில் பெயரும் இருக்கும், பல ஆண்டுகள் எரியவும் செய்யும்.

நன்கொடை வாங்கும் முறையில் மட்டும் மிகக் கவனம் தேவை. ஆசிரியரின் சொந்தக் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லவே கூடாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒரு நாள் கேள்வி வரும், அந்தக் கேள்வியோடு பள்ளியில் நாடகமும் நின்றுபோகும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கில் கூட்டுக் கையெழுத்தோடு, நாடகத்துக்கென்று தனித் தலைப்பில் வரவு வையுங்கள். சிறிய தொகைக்கும் ரசீது கொடுங்கள். தனியார் பள்ளியின் அறக்கட்டளை மூலம் வரிச்சலுகை எதிர்பார்ப்பவர் வங்கி வழியாகவே தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது. அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தில் தேவையைப் பதிவு செய்யலாம். முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் அதன் வழியாக உதவலாம். பெரிய தொழிற்சாலைகளை அணுகுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013 நிறுவனச் சட்டத்தின்படி சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய இனங்களில் கல்வியும் உண்டு, மரபுக் கலைகளின் வளர்ச்சியும் உண்டு. கூத்தைக் கற்றுத்தரும் பள்ளி மேடை இரண்டுக்கும் பொருந்தும்.

டிக்கெட் போடலாமா என்று தயங்குகிறார்கள். ஆண்டு விழாவுக்கு வேண்டாம், அது பெற்றோரின் உரிமை. தனியாக ஒரு நாடக மாலை நடத்தி ஐம்பது, நூறு ரூபாய் டிக்கெட் வைப்பதில் தவறில்லை. ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நாடக நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. ஆனால் வெளியாட்களை அழைத்ததும் பதிப்புரிமைக் கேள்வி எழுகிறது. மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் மட்டுமே பார்க்க, பள்ளிப் பணியின் பகுதியாக மாணவர்கள் நடிக்கும் நாடகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. பொதுமக்களுக்கு டிக்கெட் விற்பதும், பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதும் அந்த வேலிக்கு வெளியே. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்பென்றால் இந்தக் கவலை இல்லை. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1964-இல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியார் ஆகியோரின் நாடகங்கள் இப்போது எல்லோருக்கும் பொது. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்தவெளியில் ஒலிபெருக்கி என்றால் முன்அனுமதி வாங்குங்கள், இரவு பத்து மணிக்குள் முடியுங்கள்.

பயிற்சிக்கான பணத்தை எங்கே செலவழிப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. சேலம் மாவட்டம் தெருக்கூத்தும் பொம்மலாட்டமும் இன்னும் உயிரோடு இருக்கும் மண். தை தொடங்கி ஆடி வரை திருவிழாக்களில் விடிய விடிய ஆடும் கலைஞர்களுக்கு, மழைக்காலத்தில் மேடை மிகவும் குறைவு. பள்ளிக்கு ஒத்திகை நடக்க வேண்டிய மாதங்களும் அவைதான். ஒரு கூத்து ஆசிரியரைக் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் வரவழையுங்கள். நியாயமான ஊதியம் கொடுங்கள், போக்குவரத்துச் செலவையும் கொடுங்கள், பொன்னாடையோடு முடித்துவிடாதீர்கள். கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் எப்படிப் பார்வையாளரைக் கையாளுகிறான் என்பதைப் பிள்ளைகள் நேரில் கற்றுக்கொண்டால், குரலும் உடலும் தாளமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளுக்கும் அது நேரடியாக உதவும். உடை, ஒப்பனை வாடகையைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. ஆடியில் சேலத்தின் குகைப் பகுதியிலும் அம்மாப்பேட்டையிலும், கடவுள் வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கை நடக்கும் நாட்களில் கிரீடமும் ஒப்பனைக்காரரும் கிடைப்பது அரிது. சுதந்திர தின நாடகம் போடுபவர்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து விளக்கும் ஒலிபெருக்கியும் மேலே வர வண்டி வாடகையே தனிச் செலவு. மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால், நாடகத்தைப் பிற்பகலில் வைப்பதுதான் சரி. பகல் வெளிச்சத்தில் நடத்தினால் விளக்கும் பாதி போதும். அங்கே எதிரி ஈரம். மடித்துப் பெட்டியில் வைத்த உடையும் திரையும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். தரையிலிருந்து உயர்த்திய அலமாரியில் தொங்கவிட்டு, வெயில் அடிக்கும் நாளில் வெளியே எடுத்து உலர்த்தும் பொறுப்பை ஒரு வகுப்புக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூன் மாதப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம்தான் இதற்குத் தொடக்கம். ஜனவரியில் கேட்டால் வாடகைக்கு மட்டுமே பணம் கிடைக்கும். நாடகத்துக்குத் தனித் தலைப்பு, இருப்புப் பதிவேடு, கூத்து ஆசிரியரின் ஊதியம் ஆகிய மூன்றையும் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எலக்ட்ரீஷியனின் மின்சுமைக் கணக்கு ஆகஸ்டு முடிவதற்குள் தலைமையாசிரியரின் மேசைக்கு வந்துவிட வேண்டும். விளக்கு வாங்குவதை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.