பித்தளையும் ஜி.ஐ. பைப்பும் சேருமிடம்

பித்தளை வால்வு புதிதுபோல இருக்கும். அதை ஒட்டிய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) மட்டும் ரெஞ்சு போட்டதும் மரையோடு ஒடிந்து கையில் வரும். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில், குறிப்பாகச் சென்னைக் கடலோரப் பகுதிகளில், இதை அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி நிப்பிளை (இரு முனையிலும் மரை உள்ள குட்டைப் பைப் துண்டு) மாட்டிவிட்டுப் போகிறார்கள். சில வருடங்களில் அதே இடம் மறுபடி ஒழுகும்.

தண்ணீர் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், அங்கே இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பது. துத்தநாகமும் இரும்பும் எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும். செம்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படி விடாது. இந்த இரு வகையும் சேர்ந்து தண்ணீரில் நனைந்தால் அந்த இணைப்பே ஒரு பேட்டரி. அரிபடுவது எப்போதும் இரும்புப் பக்கம். உப்பும் சூடும் கூடினால் வேகமும் கூடும். மரை வெட்டும்போதே துத்தநாகப் பூச்சு போய், பைப்பின் கனமும் குறைந்துவிடுவதால் முதலில் மரைதான் போகும். செம்பு லைனுக்கு நடுவே சின்ன இரும்பு நிப்பிள் வைப்பது இருப்பதிலேயே மோசம்.

டெஃப்லான் டேப் காப்பாற்றாது. இறுக்கும்போது மரை அதைக் கிழித்துக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். டேப் ஒழுக்கைத்தான் நிறுத்தும்.

இடையில் பிளாஸ்டிக் வையுங்கள்: பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி., வெந்நீருக்கு சி.பி.வி.சி. ஒரு அடித் துண்டாவது வைப்பது என் வழக்கம். இடமில்லாவிட்டால் இரண்டு உலோகமும் தொடாதபடி நைலான் புஷ்ஷும் ரப்பர் வாஷரும் வைத்த இணைப்பான இன்சுலேட்டிங் யூனியன். ஆனால் பழைய வீடுகளில் தண்ணீர் பைப்பையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். பிளாஸ்டிக் நுழைந்ததும் அந்த எர்த் அறுந்துவிடும், உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் வயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பைப்பை வெட்டுங்கள்.

தண்ணீர் ஓடும் திசையையும் கவனிக்க வேண்டும். செம்பில் கரைந்து வரும் துளி செம்பு, தண்ணீர் அடுத்துப் போகும் ஜி.ஐ. பைப்புக்குள் படிந்து ஊசித்துளை போடும்; இதை இடையில் வைத்த பிளாஸ்டிக்கும் தடுக்காது. செம்புக் குழாய் உள்ள சோலார் ஹீட்டரிலிருந்து ஜி.ஐ. லைன் இறக்காதீர்கள்.

கீசருக்குள் இதே விதி நமக்கு உதவுகிறது. தொட்டிக்குப் பதிலாக அரிபடவென்றே உள்ளே மெக்னீசியம் ஆனோடு ராடு வைத்திருக்கிறார்கள். சர்வீஸுக்கு வருபவரிடம் வருடம் ஒருமுறை அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாதிக்குமேல் கரைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.