ஏழாவது வரியில் தப்பே இல்லை

மன்னார்குடியில் புரோகிராம் எழுதும் கணினி மொழிகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்கு பைத்தான். கோட்டூர், திருமக்கோட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அதிகம். பலருக்கு வீட்டில் கணினி கிடையாது.

போன மாதம் ஒரு பெண், நெல் மூட்டைக் கணக்குக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாவது வரியில் 'இன்வேலிட் சிண்டாக்ஸ்', அதாவது எழுதிய முறை தப்பு என்று சிவப்பு எழுத்து.

"நாலு தடவை அழிச்சு எழுதிட்டேன் சார், போகவே மாட்டேங்குது."

விலை = 1200. அதுதான் ஏழாவது வரி. அதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது?

"உங்க வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா அப்பா எங்க போய்ப் பார்ப்பாரு?"

"மேல, மதகுக்கு."

சொல்லிவிட்டு அவளே ஆறாவது வரிக்குப் போனாள். மூட்டை = இன்ட்(இன்புட்("எத்தனை மூட்டை?"). அடைப்புக்குறி இரண்டு திறந்திருக்கிறது, ஒன்றுதான் மூடியிருக்கிறது.

பைத்தான் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போகும். அடைப்புக்குறி திறந்தே இருந்தால், வரி இன்னும் முடியவில்லை என்று நினைத்து அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்கும். அங்கே சம்பந்தமில்லாமல் 'விலை' என்று ஒரு சொல் வந்ததும்தான் விழிக்கும். எந்த இடத்தில் விழித்ததோ அந்த வரி எண்ணைத்தான் நமக்குச் சொல்கிறது. கடைமடை காய்ந்து கிடந்தால் அடைப்பு ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நல்லவேளை, புரோகிராமில் பெரும்பாலும் ஒரு வரி மேலே போனால் போதும்.

2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10 இதைப் பெரிதும் திருத்திவிட்டது. எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அந்த வரியையே காட்டும். ஆனால் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் 3.8-க்கு மேல் ஏறாது. என் அறையில் இன்னும் மூன்று அப்படி இருக்கின்றன. ஆகவே மேல் வரியைப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

சிவப்பு எழுத்தைப் பிள்ளைகள் திட்டு போல எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பதற்கு முன்பே கை பேக்ஸ்பேஸுக்குப் போய்விடுகிறது. நான் செய்வது ஒன்றுதான்: கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். 'எக்ஸ்பெக்டட்' என்றால் இது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை என்று பொருள். 'இன்டென்ட்' என்றால் வரிக்கு முன்னால் விடும் இடைவெளி. இப்படிப் பத்துச் சொல் தெரிந்தால் தமிழ் மீடியம் பிள்ளைக்கும் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சி பிளஸ் பிளஸ்ஸில் வேறு கூத்து. ஒரு நெளிவு அடைப்புக்குறியை விட்டதற்கு இருபது எரர் கொட்டும். இருபதையும் திருத்தப் புறப்பட்டால் நல்ல வரிகளும் கெட்டுப்போகும். முதல் எரரை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள், அதாவது கணினிக்குப் புரியும்படி மாற்றச் சொல்லுங்கள். மீதி பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

அப்புறம் மேற்கோள் குறி. வேர்டில் அடித்து வாட்ஸ்அப்பில் வரும் புரோகிராமில் வளைந்த மேற்கோள் குறிகள் இருக்கும், பைத்தானுக்கு நேரானது வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பையன் முக்கால் மணி நேரம் உறைந்து உட்கார்ந்திருந்தான். எடிட்டரில் அழித்து மறுபடி தட்டினால் தீர்ந்தது.

போனில் படம் எடுத்து ஏஐயிடம் கேட்டால் நொடியில் திருத்தித் தருகிறது, நானும் கேட்பவன்தான். ஆனால் செய்முறைத் தேர்வு அறைக்குள் போன் வராது. முதலில் எரரைப் படித்துவிட்டு, ஐந்து நிமிடம் தேடிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

அந்தப் பெண் போன வாரம் தன் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது வரி என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் இவள் விரல் பதினொன்றில் இருந்தது. அன்றைக்குப் பார்த்து தப்பு பன்னிரண்டிலேயே இருந்தது: நிபந்தனை சொல்லும் இஃப் வரியில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று.



"மதகு நல்லாத்தான் இருக்கு, வயல்லயே நண்டு வளை" என்றாள்.