பழைய டிராக்டரில் விளக்கு மங்கினால் பல்பைத் திட்டாதீர்கள்

ஃபோர்டு 8என் டிராக்டர் அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்றைக்கும் அதைத் தேடி வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிச் சுத்தம் செய்து, அடிப்பாகத்துக்குச் சிவப்பும் மேல் தகடுகளுக்கு வெளிர் சாம்பலுமாகப் பழையபடியே பெயின்ட் அடித்து ஓட்டுகிறவர்கள் நிறைய. அப்படி ஆசையாகப் புதுப்பித்த வண்டியில் முதல் தடவை விளக்கைப் போட்டால் பல நேரம் அகல்விளக்கு மாதிரி மஞ்சளாகத்தான் எரியும். உடனே பல்பை மாற்றுவார்கள், அப்புறம் பேட்டரியை. பெரும்பாலும் குற்றவாளி அந்தப் புதுப் பெயின்ட்தான்.

வீட்டு விளக்குக்கு இரண்டு ஒயர் வரும், இந்த டிராக்டர் விளக்குக்கு ஒன்றுதான். சுற்று முழுமையாக வேண்டுமே, அதற்கு இன்னொரு ஒயராக வண்டியின் இரும்பே வேலை செய்கிறது: விளக்கின் கூடு, அதைத் தாங்கும் பிராக்கெட், போல்ட், தகடு, எஞ்சின் வழியாகப் பேட்டரி வரைக்கும். இதைத்தான் எர்த் என்கிறோம். ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்கும் மண்ணுக்கும் இதில் சம்பந்தமே இல்லை, பெயர் மட்டும் அப்படி. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, துருவும் சரியாகக் கடத்தாது. பிராக்கெட்டுக்கும் தகடுக்கும் நடுவில் பெயின்ட் படிந்துவிட்டால், போல்ட் மரையில் எங்கோ உரசிக்கொண்டிருக்கிற துளி இரும்பு வழியாகத்தான் மொத்தக் கரன்டும் போயாக வேண்டும்.

இந்த வண்டி 6 வோல்ட் என்பதுதான் விஷயத்தை மோசமாக்குகிறது. 35 வாட் பல்பு என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அதற்குச் சுமார் 3 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் வேண்டும். எர்த்தில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும், பல்புக்கு 5 வோல்ட்தான் மிஞ்சும். ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று விட முடியாது, இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் தடாலென்று விழும், இந்த அளவுக்குப் பாதியாகிவிடும். அதே 0.2 ஓம் 12 வோல்ட் வண்டியில் இருந்தால் வெளிச்சம் ஏழில் ஒரு பங்கு போலத்தான் குறையும், கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்குக் கூட்டின் வெறும் இரும்பிலும் இன்னொன்றை எர்த் பக்கத்துப் பேட்டரி முனையிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 1 வோல்ட் காட்டினால் அது முழுக்கத் திருட்டுப் போகிற வோல்ட். ஸ்டார்டர் மட்டும் விறுவிறுவென்று சுற்றுகிறது என்றால் பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் தடித்த பட்டையைச் சந்தேகப்பட வேண்டாம், விளக்குப் பக்கமே பாருங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் காசு அகலத்துக்குப் பெயின்டை இரும்பு தெரியச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, துரு ஏறாமல் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். பெயின்டைத் தொட மனசு வரவில்லையா, கூட்டிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிடுங்கள்.

எல்ஈடி போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 8என் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பாடியில் சேர்வது பேட்டரியின் பிளஸ் முனை. இழை பல்புக்கு எந்தத் திசையில் கரன்ட் போனாலும் ஒன்றுதான், எல்ஈடிக்கு அப்படியில்லை, மாற்றிக் கொடுத்தால் எரியாது. உலோகக் கூடே மைனஸாக இருக்கிற விளக்கு என்றால் இன்னும் ஆபத்து: மைனஸ் ஒயரை அதன் மைனஸுக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டைப் பாடியில் முடுக்கினால் நேரே ஷார்ட். 6 வோல்ட்டில் வேலை செய்கிற எல்ஈடியாகப் பார்த்து வாங்கி, கூடு வண்டி இரும்பில் படாமல் ரப்பர் கொடுத்து, அதற்கு மட்டும் இரண்டு ஒயர் இழுங்கள்.