குளிர்காலப் பூசணி என்று ஒரு காய் இல்லை

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம். அக்கா மகள் ஒரு சமையல் குறிப்போடு வீட்டுக்கு வந்தாள். காயை ஓவனில் சுட்டு மசித்து, பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் போட்டுச் செய்கிற மேல்நாட்டு இனிப்பு. முதல் வரியிலேயே ‘குளிர்காலப் பூசணி, 1 கிலோ’ என்று இருந்தது. அவள் வாங்கி வந்திருந்தது வெள்ளைப் பூசணி. “குளிர்காலம்னு போட்டிருக்கே மாமா, நீர்ப்பூசணிதானே குளிர்ச்சி?” என்றாள். திருஷ்டி கழிக்க வந்த காய் அந்த வாரம் மதுரையில் தெருவுக்குத் தெரு குவிந்து கிடந்தது. நூற்றுக்கு 96 பங்கு தண்ணீர் உள்ள காய் அது. ஒரு மணி நேரம் கழித்து ஓவனைத் திறந்தால் தட்டில் குளம் கட்டியிருந்தது. பிள்ளை மேல் தப்பே இல்லை. அந்தச் சொல்லை எழுதியவர் மேல்தான் தப்பு.

ஆங்கிலத்தில் ‘வின்டர் ஸ்குவாஷ்’ என்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதுதான் ‘குளிர்காலப் பூசணி’. ஸ்குவாஷ் என்பது வட அமெரிக்காவின் நாரகான்செட் மக்களுடைய மொழியிலிருந்து வந்த சொல். பச்சையாகத் தின்பது என்று பொருள். நம் பறங்கிக்காயும் அதே அமெரிக்கக் குடும்பம்தான். ‘ஃபிராங்க்’ என்ற இனப்பெயர் பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, இங்கே பறங்கி ஆயிற்று. ஐரோப்பியரோடு வந்த காய் என்பதால் பறங்கிக்காய். வல்லின றகரம் போட்டு எழுதுவதே நல்லது. திருப்பரங்குன்றத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது சங்கப் பாட்டிலேயே வருகிற ஊர்.

சரி, ‘வின்டர்’ எதற்கு? அந்தக் காய் குளிர்காலத்தில் விளைவதில்லை. உறைபனி பட்டால் கொடியே கருகிவிடும். அங்கே வெயில் காலத்தில்தான் கொடி ஓடுகிறது. தோல் கெட்டிப்பட்ட பிறகு, குளிருக்கு முன்பே பறித்து உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம் என்பதால் அந்தப் பெயர். ‘சம்மர் ஸ்குவாஷ்’ என்பது இளசிலேயே பறித்து, தோலோடு சமைப்பது. சுக்கினி அந்த வகை. இரண்டும் வளர்வது ஒரே வெயிலில்தான். வித்தியாசம் பறிக்கிற பருவத்தில் இருக்கிறது.

தமிழில் ஒரு பயிருக்கு முன்னால் காலத்தின் பெயர் வந்தால் நாம் எப்படிப் புரிந்துகொள்வோம்? கார் நெல் என்றால் கார்காலத்து நெல். ஆடிப்பட்டம் என்றால் ஆடியில் விதைப்பது. விதைப்பும் விளைச்சலும்தான் நினைவுக்கு வரும், சேமிப்பு வராது. ஆகவே ‘குளிர்காலப் பூசணி’ என்று படிக்கிறவர் மார்கழியில் விளைகிற ஏதோ ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் என் அக்கா மகளைப் போலக் குளிர்ச்சியான காய் என்று. எந்தப் பக்கம் போனாலும் சரியான காய் கைக்கு வராது. இதற்கு ஜோடியாகக் ‘கோடைப் பூசணி’ வேறு எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்?

போதாததற்குப் ‘பூசணி’ என்ற சொல்லே தனியாக நிற்காது. எங்கள் ஊரில் சாம்பாருக்குப் பூசணி என்றால் மஞ்சள், திருஷ்டிக்குப் பூசணி என்றால் வெள்ளை. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், குறிப்பில் அது நடக்காது. சிலர் ‘மஞ்சள் பூசணி’ என்று எழுதுகிறார்கள். இது பரவாயில்லை, ஆனால் முற்றலா இளசா என்று சொல்லவில்லை. பறங்கி பிறமொழிச் சொல்லாயிற்றே என்று தயங்குகிறவர்களும் உண்டு. காயோடு வந்து காயோடு குடியேறிய சொல் அது. அதைக் கேட்டால் யாரும் வெள்ளைக் காயை எடுத்து நீட்ட மாட்டார்கள். எனக்கு அது போதும்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பறங்கி கேட்டுப் பாருங்கள். “முத்துனதா, இளசாண்ணே?” இதுதான் வரும் முதல் கேள்வி. முற்றியதைக் கேட்டால் கடைக்கார அம்மா காயைத் திருப்பிக் காம்பைப் பார்ப்பார். காம்பு காய்ந்து கட்டை மாதிரி இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைத் தோலில் அழுத்துவார். இறங்காவிட்டால் முற்றல். அப்புறம் ஒரு பத்தை போட்டுக் காட்டுவார், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சதை கெட்டியாக இருக்கும். ஆங்கிலக்காரர் பருவகாலத்தை வைத்துச் சொன்ன அதே வித்தியாசத்தை இந்த அம்மா நகத்தால் சொல்லிவிட்டார். வடு, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று அடுக்கிச் சொல்கிற மொழி நம்முடையது. முற்றல் தேங்காய் என்கிறோம், வெள்ளரிப்பிஞ்சு என்கிறோம். முற்றல் பறங்கி, பறங்கிப் பிஞ்சு என்று எழுத என்ன தடை? பட்டர்நட் போன்ற ரகப்பெயர்களை அப்படியே எழுதுங்கள். மல்கோவாவை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், காய்கறிக் கடை வரை வருவதில்லை. அதே குறிப்பில் ‘இலையுதிர்காலத்துக்கு இதமான இனிப்பு’ என்றும் இருந்தது. மதுரையில் மரங்கள் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அவர்கள் சொல்கிற அக்டோபரில் இங்கே ஐப்பசி அடைமழை. ‘மழை நாளுக்கு இதமான இனிப்பு’ என்று எழுதியிருந்தால் படிக்கும்போதே சுக்கு வாசனை வந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்றல் பறங்கி வாங்கிக் கொடுத்தேன். பாதியாக அரிந்து, வெட்டிய பக்கத்தைத் தட்டில் கவிழ்த்துச் சுட்டாள். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. கரண்டியால் சதையை வழித்தபோது, குழையப் பிசைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி வந்தது. அதில்தான் வெல்லமும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்தன. அவளுடைய குறிப்பு நோட்டில் முதல் வரியை அடித்துவிட்டு, மேலே ‘முத்தல் பறங்கி, நகம் இறங்கக் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.