பைப் ஆர்கன்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஆர்கன் என்ற சொல்லை எடுத்தாலே தமிழில் பல பொருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. உறுப்பு தானம் பற்றிய பேச்சில் வரும் ஆர்கன் ஒன்று. காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியத்தையும் ஆர்கன் என்கிறோம். மேடையில் மின்சாரத்தால் ஒலிக்கும் கீபோர்டுக்கும் சிலர் அதே பெயரைச் சொல்வார்கள். இங்கே பேசப்போவது இசையரங்கின் பின்சுவர் முழுக்க வெள்ளி நிறக் குழல்கள் வரிசையாக நிற்குமே, அந்தப் பைப் ஆர்கனைப் பற்றி.

காற்றை அழுத்தித் தேக்கி வைத்து, விரல் விசையில் பட்டதும் அந்தக் காற்றை உரிய குழலுக்குள் திறந்துவிடும் கருவி இது. ஒரு குழலுக்கு ஒரே ஒரு சுரம்தான். புல்லாங்குழலில் துளைகளை மூடித் திறந்து சுரம் மாற்றுகிறோம். இங்கே அது கிடையாது. விசைப்பலகையில் 61 விசைகள் இருந்தால், ஒரு வகை நாதத்துக்கு 61 குழல்கள் வேண்டும். வேறொரு நாதம் வேண்டுமா, இன்னொரு 61. இப்படிப் பெருகித்தான் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் கருவியில் 9,999 குழல்களும், ஹாம்பர்க் நகரின் எல்ப்பில்ஹார்மனி அரங்கில் 4,765 குழல்களும் இருக்கின்றன.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆர்கனோன்' என்றால் வேலைக்கு உதவும் எந்தக் கருவியும். வேலை என்று பொருள்படும் 'எர்கோன்' அதற்கு உறவுச்சொல். அது லத்தீனில் 'ஆர்கனும்' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் இரண்டு பக்கமாகப் பிரிந்தது: உடல் வேலை செய்யப் பயன்படுவது உறுப்பு, இசை செய்யப் பயன்படுவது வாத்தியம். நம் 'கருவி' என்ற சொல்லும் இதே வழியில் நடந்திருக்கிறது. உளியும் கருவி, வீணையும் கருவி. உடம்பின் புலன்களைச் சொல்லும்போதும் 'கருவி கரணங்கள்' என்கிறோம். ஆனால் கிரேக்கச் சொல் கடைசியில் ஒரே ஒரு வாத்தியத்தின் பெயராகச் சுருங்கியது; தமிழில் கருவி பொதுச்சொல்லாகவே நின்றுவிட்டது. அதனால் ஆர்கனை வேர்ப்பொருள் பார்த்து மொழிபெயர்த்தால் 'கருவி' என்று மட்டுமே வரும். அது உதவாது.

வாத்தியத்தின் கதை கி.மு. 3ஆம் நூற்றாண்டு அலெக்சாண்ட்ரியாவில் தொடங்குகிறது. டெசிபியஸ் என்ற பொறியாளர் அங்கே செய்த கருவிக்கு 'ஹைட்ராலிஸ்' என்று பெயர், அதாவது நீர்க்குழல். நீர் அதில் ஒலி எழுப்பவில்லை. கையால் அடித்து ஏற்றும் காற்று விட்டுவிட்டுத்தானே வரும்? நீரின் எடை அந்தக் காற்றை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தது. இன்றைக்கும் ஆர்கன் செய்பவர்கள் காற்றழுத்தத்தை 'இத்தனை மில்லிமீட்டர் நீர்' என்றுதான் அளக்கிறார்கள். கருவியிலிருந்து நீர் போய்விட்டது, அளவுகோலில் இருக்கிறது. கி.பி. 228 என்று காலம் குறிக்கப்பட்ட ஒரு சிறிய ரோமானிய ஆர்கனின் எச்சங்கள் 1931இல் புடாபெஸ்ட் நகரின் அக்வின்கும் பகுதியில் கிடைத்தன. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்க் மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். மேற்கு ஐரோப்பாவின் தேவாலயங்களுக்குள் இந்தக் கருவி புகுந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குழாய் ஆர்கன்' என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. இன்றைய தமிழில் குழாய் என்றால் தண்ணீரும் எரிவாயுவும் போவது. காற்று புகுந்து இசையாக வெளிவருவது குழல். அந்த வேறுபாட்டைத் தமிழ் தெளிவாக வைத்திருக்கும்போது அதை நாமே அழிக்கக் கூடாது. 'துளைக்கருவி' என்ற பழைய வகைப்பெயரில் ஆர்கனைச் சேர்க்கலாம். ஆனால் அது வகையின் பெயர், தனிப்பெயராகாது. 'பல்குழற்கருவி' பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் பல்குழல் என்றதும் பலர் காதில் எறிகணையும் பீரங்கியும் ஒலிக்கும். ஓர் இசைக்கருவிக்கு அந்த நினைவு வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது 'குழலியம்'. இயம் என்றால் வாத்தியம். பல வாத்தியங்கள் சேர்ந்தால் பல்லியம், அவற்றை வாசிப்பவர் இயவர். பெண்ணியம், மார்க்சியம் போல இது ஏதோ கொள்கையின் பெயராகக் கேட்காதா என்று கேட்கலாம். ஓவியமும் காப்பியமும் அப்படிக் கேட்கவில்லையே. பழகினால் குழலியமும் காதில் சரியாக உட்காரும். முதல் முறை எழுதும்போது 'குழலியம் எனும் பைப் ஆர்கன்' என்று ஒரு கை கொடுத்துவிட்டால் போதும்.

உள்ளுறுப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சிரமம் குறைவு. காற்றைத் தேக்கும் தோல் மடிப்புக்குத் துருத்தி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. குழல்கள் குத்தி நிற்கும் மரப்பெட்டி காற்றுப்பெட்டி. ஒரே நாதமுள்ள குழல்களின் ஒரு வரிசை குழல்நிரை. தொல்லை தருவது 'ஸ்டாப்', அதாவது ஒரு குழல்நிரைக்குக் காற்றைத் திறந்துவிடும் குமிழ். அதை 'நிறுத்தி' என்று மொழிபெயர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும். அந்தக் குமிழை வெளியே இழுத்தால்தான் குழல்நிரைக்குக் காற்றே போகும். இதைக் 'குரல்' என்பதே நல்லது. குழலின் நாதத்தைப் பக்குவப்படுத்தும் வேலைக்குக் 'குரலமைப்பு' என்ற சொல்லும் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

குழல்களில் இரண்டு இனம். முதல் இனத்தில் காற்று ஒரு மெல்லிய பிளவு வழியாக வந்து, குழலின் வாயிலுள்ள மேலுதட்டில் மோதி ஒலிக்கிறது: இது உதட்டுக்குழல். இரண்டாவதில் ஒரு பித்தளைத் தகடு அதிர்கிறது. அதற்குச் 'சீவாளி' என்று பெயரிட ஆசை வரும். ஆனால் நாதஸ்வரத்தின் சீவாளி உலோகம் அல்ல, வாயில் வைத்து ஊதுவது. அதனால் 'நாக்குக்குழல்' போதும். குழலின் அளவை இன்றும் அடிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். எட்டடிக் குரலின் மிகத் தாழ்ந்த குழல் ஏறத்தாழ எட்டடி நீளம், ஒலி 65 ஹெர்ட்ஸ். 32 அடிக் குழல் தருவது 16 ஹெர்ட்ஸ். அதைக் காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வதே அதிகம். 1890இல் திறக்கப்பட்ட சிட்னி நகர மண்டபக் கருவியில் 64 அடிக் குரலே இருக்கிறது. உதட்டுக்குழலின் மேல்முனையை அடைத்துவிட்டால் பாதி நீளமே அதே சுரத்தைத் தரும். இடம் போதாத அரங்குகளில் அந்த வழி கைகொடுக்கிறது.

தேவாலயத்தில் ஒலி ஐந்தாறு வினாடிகூட நீடித்து நிற்கும். இசையரங்கில் சுமார் இரண்டு வினாடி. கட்டடம் தராத செழுமையைக் குழல்களின் விட்டமும் காற்றழுத்தமும் குரலமைப்பும் சேர்ந்து தர வேண்டும். முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு ஈடுகொடுக்கவும் வேண்டும், ஒற்றை வயலினுக்குப் பின்னால் அடங்கவும் வேண்டும். அதனால் குழல்களை அரங்கில் நட்டபின், ஒவ்வொன்றாக வாயின் பிளவையும் உதட்டையும் நுணுக்கமாகத் திருத்தும் வேலை மாதக்கணக்கில் நடக்கும்.

பராமரிப்பில் முதல் எதிரி வெப்பம். 20 டிகிரியில் 440 ஹெர்ட்ஸில் சேர்த்த உதட்டுக்குழல் 25 டிகிரியில் ஏறத்தாழ 444க்குப் போய்விடும். நாக்குக்குழல் அவ்வளவு அசையாது. அரங்கு நிறைந்து சூடேறும்போது இரண்டு இனமும் பிரிந்து நின்று உறுத்துவது இதனால்தான். ஆகவே கச்சேரி நேரத்தின் வெப்பத்தை வரவழைத்துவிட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான உதட்டுக்குழல்களைத் தொடாமல், எண்ணிக்கையில் குறைந்த நாக்குக்குழல்களை அவற்றோடு இணக்குவது வழக்கம். ஒருவர் விசையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் குழல்களுக்கிடையில் ஏறி நிற்பார். சுருதி விலகிய இரண்டு குழல்கள் சேர்ந்து ஒலித்தால் 'வொவ் வொவ்' என்று ஓர் அலைவு கேட்கும். நாக்கைப் பிடித்திருக்கும் கம்பியை லேசாகத் தட்டத் தட்ட அந்த அலைவு மெதுவாகி நின்றுவிடும். உதட்டுக்குழலைக் கையால் பிடித்தால் உடல் சூட்டிலேயே சுருதி ஏறிவிடும். அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி வறண்ட காற்று. ஈரப்பதம் மிகவும் இறங்கினால் காற்றுப்பெட்டியின் மரம் சுருங்கி வெடிக்கும், துருத்தியின் தோல் உலரும். ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டால், விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கோளாற்றை 'ஓயாச்சுரம்' எனலாம். நடுக் கச்சேரியில் அது வந்தால் அந்தக் குழலைத் தேடிப் பிடுங்கி எடுப்பதுதான் உடனடி வைத்தியம். ஈயம் மிகுந்த குழல்களுக்கு வேறொரு நோய் உண்டு. ஓக் மரப்பெட்டி வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி அவற்றை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். எல்ப்பில்ஹார்மனியிலோ சில குழல்களை ரசிகர்கள் தொட்டே பார்க்கலாம். அதற்கென்றே மேலே காப்புப்பூச்சு இட்டிருக்கிறார்கள்.

எழுதும்போது: குழலியம், குழலியக் கலைஞர், குழலியச் சிற்பி. 'இயவர்' என்ற பழஞ்சொல் மீண்டும் புழக்கத்துக்கு வருமானால், 'குழலியவர்' என்றும் எழுதலாம்.