எந்த என்.ஜி.ஓ.?

சித்தப்பா மகளுக்கு ஏற்காட்டில் வேலை கிடைத்த அன்று சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் ஒரு சின்னக் கூத்து நடந்தது. "தாத்தா, எனக்கு என்.ஜி.ஓ.வுல வேலை கெடச்சிருக்கு" என்று அவள் சொன்னதும் தாத்தா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பரீட்சை எப்ப கண்ணு எழுதுன? எந்த டிபார்ட்மெண்டு?"

தாத்தா கலெக்டர் ஆபீசில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்.ஜி.ஓ. என்றால் அவருக்குச் சங்கம், சந்தா, பஞ்சப்படி, வேலைநிறுத்தம். பேத்திக்குக் கிடைத்ததோ மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் இடத்தில் களப்பணி.

தாத்தாவின் என்.ஜி.ஓ. 'நான் கெசட்டட் ஆபீசர்'. அதாவது, நியமனமும் மாறுதலும் அரசிதழில் அறிவிக்கப்படாத நிலையில் உள்ள அரசு அலுவலர். நாகர்கோவிலில் என்.ஜி.ஓ. காலனி, கோவையில் 'கவர்ன்மெண்ட்'டையும் நடுவில் சேர்த்து என்.ஜி.ஜி.ஓ. காலனி என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் ஊறிப்போன பெயர் அது. பேத்தியின் என்.ஜி.ஓ. 'நான் கவர்ன்மெண்டல் ஆர்கனைசேஷன்'. முன்னது அரசுக்கு உள்ளே, பின்னது அரசுக்கு வெளியே. ஆனால் இரண்டுமே 'அல்லாத' என்று பொருள்படும் ஆங்கில 'நான்' என்ற மறுப்பில்தான் தொடங்குகின்றன. 'நீ யார்?' என்று கேட்டால் 'இன்னார் இல்லை' என்று பதில் சொல்கிற பெயர்கள்.

பின்னதன் பிறப்பைச் சொல்லிவிடலாம். 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனம் எழுதப்பட்டபோது அதன் 71ஆம் உறுப்பில் இச்சொல் இடம்பெற்றது. பொருளாதார சமூக மன்றம் இத்தகைய அமைப்புகளைக் கலந்தாலோசிக்கலாம் என்பது அதன் சாரம். அது அரசுகள் கூடிய சபை. அங்கே அரசு அல்லாத எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதற்கு அந்தப் பெயர் போதும். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும்போது அதன் பொருத்தம் பாதி இறங்கிவிடுகிறது.

அந்தச் சொல் பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பே இந்த மாவட்டத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்று நாமக்கல் மாவட்டமாகிவிட்ட அந்த ஊர் அப்போது சேலம் ஜில்லா. கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் என்று அங்கே உழைத்தவர்களைச் சொல்ல 'ஊழியர்' என்ற சொல் போதுமானதாக இருந்தது. பிறகு ராஜாஜியே சென்னை மாகாணப் பிரதமராகி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஆசிரமத்தின் பிரசாரம் அரசின் சட்டமாயிற்று. 'ஊழியர்' என்ற சொல்லும் அதே வழியில் போய் இப்போது அரசு ஊழியராக உட்கார்ந்திருக்கிறது. மிச்சமிருந்த 'ஊழியம்' தேவாலயத்துக்குப் போயிற்று.

இனித் தமிழாக்கங்கள். 'அரசு சாரா நிறுவனம்' என்பதில் வரும் 'சாரா', 'சாராத' என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாடா மல்லி, அழியாப் புகழ் போல. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். 'அரசு சாராத் தொண்டு நிறுவனம்' என்பதே சரி. பெயர்ப்பலகைகளில் அந்த 'த்' பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். இலக்கணம் சரியாக இருந்தாலும் சொல் காதில் ஏறுவதில்லை. தங்கை வேலைக்குப் போன முதல் வாரம் ஒரு பொடியன் வாசலில் இருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டானாம்: "அரசு சாரா? அவரு எப்ப டீச்சர் வருவாரு?"

'தன்னார்வ' என்ற அடைமொழியில் வேறொரு சிக்கல். தானே விரும்பி வருகிறவர்களைக் குறிக்க அது நல்ல சொல். ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் கணக்காளரையும் ஓட்டுநரையும் அதற்குள் அடைக்கும்போது, 'ஆர்வத்துல வர்றவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?' என்ற கேள்வி தானாக முளைக்கிறது. 'இலாப நோக்கற்ற' என்பதும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. மிச்சப்படும் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே அதன் பொருள். பணமே மிச்சப்படக் கூடாது என்பதல்ல. இங்கே ஒரு வேடிக்கை. இலாபத்துக்குப் பழந்தமிழில் ஊதியம் என்று பெயர். 231ஆம் குறள் ஈதலையும் அதனால் வரும் இசையையும் விட்டால் உயிருக்கு வேறு ஊதியம் இல்லை என்கிறது. இன்று ஊதியம் என்றால் சம்பளம். அந்தப் பழைய சொல்லை நம்பி மொழிபெயர்த்தால் 'சம்பளம் நோக்காத நிறுவனம்' ஆகிவிடும். சில நிர்வாகக் குழுக்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு இனிக்கலாம்.

என் ஓட்டு 'தொண்டு'க்கு. முதலில் அது அடிமைத்தனத்தைக் குறித்த சொல். பக்தி இயக்கம் அதைத் தூக்கி நிறுத்தி, நாயன்மார்களைத் திருத்தொண்டர் ஆக்கியது. பிறகு கட்சிகள் தொண்டரை எடுத்துக்கொண்டன. இன்று சேலத்தில் 'தொண்டர்கள் திரண்டனர்' என்றால் கரைவேட்டிதான் கண்ணில் தெரியும். களப்பணியாளரை அப்படி அழைக்க முடியாது. ஆனால் 'தொண்டு' இன்னும் கறை படாமல் இருக்கிறது. 'தொண்டு நிறுவனம்' என்றால் பாட்டிக்கும் புரியும், பத்திரிகைக்கும் பொருந்தும். இவை அனைத்தையும் சேர்த்து 'தொண்டுத் துறை' என்று எழுதுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. துறை என்றதும் ஒரு செயலாளரும் ஒரு கோப்பும் கூடவே வந்து நிற்கிறார்கள். 'தொண்டு நிறுவனங்கள்' என்ற பன்மையே போதும்.

டிரஸ்டுக்கு வழங்கும் 'அறக்கட்டளை' தனி அழகு. கட்டளை என்றால் இன்று உத்தரவு. கோயில் வழக்கில் அது, இன்ன பணிக்கென்று ஒதுக்கி வைத்த கொடை. திருவாரூரில் ராஜன் கட்டளை, அன்னதானக் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று உண்டு. இன்னதற்கு மட்டும் செலவழி என்று கொடுப்பவர் விதிக்கிறார்; உத்தரவு என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவார்கள். சில இடங்களில் தொண்ணூறு. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தாலும் குட்டி போட்டு எண்ணிக்கை நிற்கும் என்ற கணக்கில் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதலைத் தொடாமல் வருவாயில் நடத்து என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆடிட்டரும் சொன்னதில்லை. அந்தச் சாசனங்கள் பலவற்றின் கடைசியில், இந்த அறத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவர் சொல்வதாக வரும். இன்றைய 'அறங்காவலர்' என்ற சொல்லில் அந்தக் குரல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

சட்டப்படி தொண்டு நிறுவனங்களின் வடிவங்கள் வேறு வேறு. அறக்கட்டளை ஓர் ஆவணம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். சங்கம் ஆட்களின் கூட்டு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவானது நிறுமம், அதாவது கம்பெனி. நன்கொடை கேட்டு வருபவர் தங்களுடையது இதில் எது என்று சொல்லத் தடுமாறினால் ரசீதை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

மலையில் இந்தச் சொல் எதுவும் புழங்குவதில்லை என்கிறாள் தங்கை. சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையை ஆள்பவர்கள். அவர்களுக்கு அவள் 'டிரஸ்ட்டு பொண்ணு'. பெண்கள் வாயில் புழங்குவது 'குழு'. "இன்னிக்குக் குழு இருக்குது" என்றால் சுய உதவிக் குழுக் கூட்டம். 1965 வரை சேலத்தோடு இருந்த தர்மபுரியில்தான் 1989இல் இந்தக் குழுக்களுக்கான மகளிர் திட்டத்தின் விதை விழுந்தது. திட்டம் அரசுடையது, குழுக்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்ததில் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு, கடன் வங்கியுடையது. தகரப் பெட்டியும் தீர்மான நோட்டும் வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பெண்களில் எது அரசு, எது சாரா என்று எங்கே கோடு போடுவது?

தாத்தாவின் தலைமுறைக்கு அந்தக் கோடே கிடையாது. இலவச வைத்தியம் என்பதால் பெரியாஸ்பத்திரியையே தர்மாஸ்பத்திரி என்றவர்கள் அவர்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "பேத்தி ஏற்காட்டுல தர்மப் பள்ளிக்கூடத்துல பாடஞ் சொல்லித் தர்றாங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தர்மத்துக்கு இல்ல தாத்தா, சம்பளத்துக்கு!"