கயிற்றை அறுக்கத் தெரிந்த வைரஸ்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் என் கிளினிக்கில் கூட்டம் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் சென்னை காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். கடலில் இருக்கும்போது தள்ளிப்போட்ட பல்வலி, இடுப்புவலி, சர்க்கரை எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்படி ஒரு மே மாதம், இருமல் என்று ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், விசைப்படகில் வேலை. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன்.

"அத்த நிறுத்தி நாலு மாசம் ஆவுது டாக்டர்மா. நமக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி. கடல் காத்து, டெய்லி மீனு. எங்கூட்டம்மாவுக்கு இன்னும் ஒட்டவே இல்லியே, எங்க ரத்தம் அப்டி."

சொல்லிவிட்டு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். எதிர்ப்புச் சக்திப் பொடி. தொள்ளாயிரம் ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி டப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். வைரஸை எதிர்க்க நம் செல்கள் வெள்ளையணுவையோ ஆன்டிபாடியையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதன் சொந்தக் காவல் உண்டு. ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும் அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். பக்கத்து செல்கள் அதைக் கண்டு நூற்றுக்கணக்கான காவல் மரபணுக்களை முடுக்கிவிடும். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்த விஷயம் இது. வைரஸ் காய்ச்சலில் அடித்துப்போட்டாற்போல் உடம்பு வலிக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்டோராவுக்குத்தான்.

அந்தக் காவலில் ஒன்றை அவரிடம் விளக்குவது சுலபமாக இருந்தது. டெதரின் என்று பெயர். எச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் பெருகி, அதன் மேல்தோலிலிருந்து மொட்டுவிட்டு வெளியே கிளம்பும். கிளம்பும் நேரத்தில் டெதரின் ஒரு முனையை செல்லிலும் மறு முனையை வைரஸிலும் ஊன்றிக் கட்டிப் போட்டுவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் ஓரத்தில் வைரஸ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், துறைமுகத்தில் அவருடைய படகு இப்போது நிற்கிற மாதிரி.

"அப்போ கட்டிப் போட்ட படகு எப்டி கடலுக்குப் போவுது?" என்றார். நல்ல கேள்வி. எச்.ஐ.வி.யிடம் வி.பி.யு. என்று ஒரு புரதம் இருக்கிறது. செல்லின் மேல்தோலிலிருந்து டெதரினை இழுத்து அழிக்க வைப்பதுதான் அதன் வேலை.

"கயித்த அறுத்துட்டுப் போவுதா!" என்றார் அவர் மனைவி. அதேதான்.

மற்ற காவல்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஏபோபெக் 3ஜி என்பது வைரஸின் மரபணு எழுத்துகளைத் திருத்தித் திருத்தி அதை அர்த்தமில்லாத கிறுக்கலாக்கிவிடும். விஃப் என்ற புரதத்தை வைத்து எச்.ஐ.வி. அதை ஒழிக்கிறது. ரீசஸ் குரங்கின் செல்லில் இருக்கும் ட்ரிம் 5 ஆல்ஃபா, நம்மைப் பாதிக்கும் எச்.ஐ.வி.-1 உள்ளே வந்ததுமே நிறுத்திவிடும். நமக்கும் அது இருக்கிறது, ஆனால் இந்த வைரஸிடம் அதன் பாச்சா பலிப்பதில்லை. சாம்ஹெச்டி1 வேறு மாதிரி: வைரஸ் தன் டி.என்.ஏ.வைக் கட்டத் தேவையான செங்கல்களையே செல்லுக்குள் தட்டுப்பாடாக்கிவிடும். ஆனால் ஓய்வாக இருக்கும் செல்லில்தான் அது நன்றாக வேலை செய்யும். தூண்டப்பட்டுப் பெருகும் சி.டி.4 செல்லில் (எச்.ஐ.வி. குறிவைக்கும் வெள்ளையணு அதுதான்) அந்தப் பிடி தளர்ந்துவிடும். எதிர்ப்புச் சக்தியைத் 'தூண்டும்' பொடியை எச்.ஐ.வி. உள்ளவரிடம் விற்பவருக்கு இதையெல்லாம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை.

'எங்க ரத்தம் அப்டி' என்றாரே, உண்மையிலேயே அப்படிப்பட்ட ரத்தம் சிலருக்கு உண்டு. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய, அதன் மேல்தோலில் உள்ள சி.டி.4 என்ற கதவு போக இன்னொரு கதவும் வேண்டும், பெரும்பாலும் சி.சி.ஆர்.5. அந்தக் கதவின் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டு, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதே குறையோடு பிறந்தவர்களுக்கு, அந்தக் கதவை நம்பி வரும் எச்.ஐ.வி. எளிதில் தொற்றாது. வட ஐரோப்பியர்களிலேயே நூற்றில் ஒருவருக்குத்தான் இது. நம் மக்களிடம் மிக மிக அரிது. காசிமேட்டில் ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் அது இருக்கும் என்று நம்புவதைவிட லாட்டரிச் சீட்டை நம்பலாம். அதோடு அவருக்குத்தான் ஏற்கெனவே தொற்றிவிட்டதே!

மனைவிக்கு ஏன் வரவில்லை என்றால், கணவர் மாத்திரை சாப்பிட்டதால். டெனோஃபோவிரும் லாமிவுடினும் போலிச் செங்கல்கள். சாம்ஹெச்டி1 செங்கல்லைப் பதுக்கி வைக்கிறது என்றால், இவை உடைந்த செங்கல்லைக் கொடுத்து ஏமாற்றுகின்றன; அதை வைத்ததும் சுவர் அதற்கு மேல் எழும்பாது. தப்பித் தவறி எழும்பினால், அது நம் டி.என்.ஏ.வோடு ஒட்டாமல் டோலுடெக்ராவிர் தடுக்கும். மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று, இலவசம். 1986இல் இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான். அன்று கொடுக்க ஒன்றும் இல்லை. அரசு இலவச மாத்திரை தொடங்கியது 2004 ஏப்ரலில்.

ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள நூற்றுக்கணக்கான ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். மாத்திரையால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. ஆனால் உறங்கும் செல்களுக்குள் வைரஸ் ஒளிந்துதான் இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எழுந்து வந்துவிடும். அவர் நிறுத்தி நாலு மாதம்.

இதைச் சொன்னதும் அவர் பேசவில்லை. மனைவிதான், "எனுக்கு இப்பவே பாத்துருங்க" என்றார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. அடுத்த நாளே அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் மனைவிக்குப் பரிசோதனை. தொற்று இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அவருக்கு மாத்திரை திரும்பத் தொடங்கியது. வைரஸ் அடங்கியது பரிசோதனையில் தெரியும்வரை ஆணுறை கட்டாயம். (ஆணுறை கிழிந்தாலோ, ஊசி குத்திவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். சீக்கிரம் போவது நல்லது, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் கேட்க 1097.)

ஏன் நிறுத்தினார் என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார். படகில் எட்டுப் பேர், ஒரே தட்டு, ஒரே பாய். மாத்திரை டப்பாவைப் பார்த்து ஒருவன் இன்னா மாத்திரை என்று கேட்டானாம். பொடி வந்த கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொடியை யார் கேட்டாலும் காட்டலாம்.

அந்தக் காலிப் பொடி டப்பாவில்தான் இப்போது மாத்திரை போகிறது, லேபிளோடு. கடலில் பத்து நாள் என்றால் பதினைந்து மாத்திரை எண்ணிப் போடுவது அவர் மனைவி. இன்ஜின் மக்கர் பண்ணினால் என்ன ஆகும் என்று அந்த ஐந்து.